மலை ஏற, டிரெய்லர் இழுக்க, காசி வரை ஓட எந்த எஸ்.யூ.வி.? செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர். முக்கால்வாசித் தூரம் சமவெளி. வத்தலக்குண்டு தாண்டியபின் வரும் மலைப்பாதைதான் வண்டியின் உண்மையான குணத்தைக் காட்டும். ஷோரூமில் அது தெரியாது. கீழே உள்ள பதில்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் வீடும், மலையிலும் நெடுந்தூரத்திலும் பயணமும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை.

வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவைதான் மலைக்குப் போகிறோம். அதற்கு எஸ்.யூ.வி. அவசியமா?

கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி மட்டும் என்றால் அவசியம் இல்லை. அரசுப் பேருந்து ஏறுகிற சாலையில் சாதாரண கார் ஏறாதா? எஸ்.யூ.வி. பயன்படுவது வேறு மூன்று இடங்களில். ஏழு பேரும் சாமானுமாக ஏறும்போது, மழையில் அரித்த எஸ்டேட் பாதையில் இறங்கும்போது, நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காமல் உட்கார. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை என்றால் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

டீசலா, பெட்ரோலா?

மலையை மட்டும் பார்த்தால் டீசல். ஆனால் ஊரில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதச் சக்தியை இழக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். கீழே 115 பி.எஸ். (குதிரைத்திறன்) தரும் 1.5 லிட்டர் எஞ்சின் மேலே 90 பி.எஸ். அளவில்தான் வேலை செய்யும். அதன் இழுவிசையும் 144 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் எஞ்சின் அலறினால்தான் கிடைக்கும். டர்போ வைத்த எஞ்சின், டீசலோ பெட்ரோலோ, இந்த இழப்பைப் பெருமளவு சரிக்கட்டிவிடும். அதனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: டர்போ உண்டா, இல்லையா?

டீசலின் சிக்கல் ஊருக்குள் இருக்கிறது. பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள எஞ்சின் நன்றாகச் சூடேறி, நிற்காமல் ஓட வேண்டும். கல்லுக்கட்டி கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அது நடக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும். எரிந்தால் வண்டியை நிறுத்திவிடாமல், 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருக்கும்படி கியர் வைத்து 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வரை ஒரு நடை போனால் போதும். அந்த எரிப்பைப் பலமுறை பாதியில் நிறுத்தினால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் உடனே ஆயில் மாற்ற வேண்டும்.

வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டருக்குக் கீழ், பெரும்பாலும் ஊருக்குள் என்றால் டர்போ பெட்ரோல் வாங்குங்கள். அதற்கு மேல், அடிக்கடி நெடுஞ்சாலை என்றால் டீசல்.

ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது என்கிறார்களே?

அது பழைய பேச்சு. எந்த ஆட்டோமேட்டிக் என்பதுதான் விஷயம். எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை மலைக்கும் இழுவைக்கும் முதல் தேர்வு. ஏற்றத்தில் நின்று கிளம்பினாலும் அதில் தேய எதுவும் இல்லை. அடுத்தது மேனுவல். உலர் கிளட்ச் உள்ள டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஓடும்போது அருமையாக இருக்கும். மே மாதம் கொடைக்கானல் வெள்ளி அருவி பக்கம் நிற்கும் நெரிசலில், அடி அடியாக ஏறும்போதுதான் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை காட்டும். அங்கே செய்ய வேண்டியது, முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு கார் இடைவெளி விழும் வரை பிரேக்கை மிதித்து நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது கிளட்சைக் கருக்கும் வேலை. மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏ.எம்.டி. கிளம்பும்போது பின்னால் உருளும். குறுகிய வளைவுகளில் எரிச்சலூட்டும். மலைதான் முக்கியம் என்றால் அதைத் தவிர்க்கலாம்.

4×4 (நான்கு சக்கர இயக்கம்) கட்டாயமா?

தார்ச்சாலை மலைக்கு வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு உள்ள 40 வளைவுகளையும் இரு சக்கர இயக்க வண்டிகள்தான் தினமும் ஏறி இறங்குகின்றன. 4×4 இறக்கத்தில் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எல்லாக் காரிலும் உண்டு.

இன்னொன்று. ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர் போன்றவற்றில் உள்ள, தேவைப்படும்போது மட்டும் போடும் பகுதிநேர 4×4ஐக் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். அந்த வித்தியாசம் சறுக்கித் தீர வழி இல்லாததால் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், சரளை, செங்குத்தான மண்பாதை, அங்கேதான் அதன் வேலை. 4 லோ என்ற மெதுவான கியரின் பெரிய பயன் ஏற்றத்தில் அல்ல, மண்பாதை இறக்கத்தில். பிரேக்கைத் தொடாமலே நடை வேகத்தில் இறங்கும்.

முன்சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா என்பதை யாரும் கேட்பதில்லை, அது கேட்க வேண்டிய கேள்வி. ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாயும். பின்னால் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால், முன்சக்கர இயக்க வண்டி ஈரமான கொண்டை ஊசி வளைவில் சக்கரம் சுழன்று தடுமாறும். இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ என் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளுக்கு அதே பாரம் பிடிமானத்தைக் கூட்டும்.

ஏழு சீட் வண்டியில் ஏழு பேர், சாமான், எல்லாம் ஏற்றலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. ஆளுக்கு 15 கிலோ சாமான் 105. மொத்தம் 560 கிலோ. கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டிலோ கையேட்டிலோ வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும், ஆர்.சி.யில் வெற்று எடை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. பல ஏழு சீட் வண்டிகளில் 560 கிலோ அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் கேரியரில் ஒரு மூட்டை என்பது பேராசை.

மூன்றாவது வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் வளைவுக்கு வளைவு ஆட்டம் அங்கேதான் அதிகம். பிள்ளைகளுக்குக் குமட்டலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஆச்சியை அங்கே ஏற்றி உட்கார வைப்பதும் பாவம். நடு வரிசையில், ஜன்னல் ஓரம் இடம் கொடுங்கள். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பெட்டிதான் நிற்கும் என்பதையும் வாங்குமுன் பெட்டியோடு போய்ப் பாருங்கள்.

மேலே கேரியர் போட்டுப் பாத்திரம் பண்டம் ஏற்றிக்கொள்ளலாமே?

கூரை தாங்கும் எடை பெரும்பாலான வண்டிகளில் 50 முதல் 100 கிலோவுக்குள். கேரியரின் எடையும் அதில் அடக்கம். தவிர, உயரத்தில் ஏற்றும் கனம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு போன்றவை சீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக, கயிறு போட்டுக் கட்டியபடி போக வேண்டும். திடீர் பிரேக்கில் பத்துக் கிலோ குத்துவிளக்கு முன்சீட்டுக்கு வந்து சேரும். மேலே ஏற்றுவது மெத்தை, துணிமூட்டை மாதிரி கனமில்லாதவையாக இருக்கட்டும்.

இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போவது ஏன்? அதற்கு ஏற்ற வண்டி எது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆளும் சாமானும் சேர்ந்து 2.5 டன் எடையுள்ள வண்டி கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறது. அப்போது விடுபடும் ஆற்றல் சுமார் 44 மெகாஜூல், அதாவது 12 யூனிட் மின்சாரம். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடும் அளவு. அதில் ஒரு பங்கை டயரின் உராய்வும் காற்றும் தின்றுவிடும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தட்டு தாங்க வேண்டும்.

பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் இரண்டு விஷயம் நடக்கும். பிரேக் பேட் அளவுக்கு மேல் சூடாகிப் பிடிமானம் குறையும். மிதி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. அல்லது பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். மிதி பஞ்சு மாதிரி அடிவரை போய்விடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் தரத்தின்படி 155 டிகிரி தாங்கினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு குறைவாக ஓடினாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும்.

ஓட்டும் முறை எளிது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசிக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கெடுதல். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் உண்டு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய எஞ்சினுக்கு எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவாகும். மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடிப்பும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: ஆட்டோமேட்டிக்கில் கியரைக் கையால் பிடித்து வைக்கும் வசதி (எம் நிலை, அல்லது ஸ்டீயரிங் பின்னால் பேடில்), பின்சக்கரத்திலும் டிஸ்க், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு. பிரேக் கருகும் வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் தட்டு கோணும்.

மலைக்குப் போனதும் டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். காரைக்குடியில் 28 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர், கொடைக்கானலின் 10 டிகிரிக் குளிரில் சுமார் 3 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் 3 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைவு என்பதால் மீட்டர் அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கதவுச் சட்டத்தில் முழுப் பாரத்துக்கு என்று தனி அளவு போட்டிருக்கும். அதைக் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது அடித்துவிட்டால் போதும். பின்சக்கரத்துக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் (டயர் மேலுள்ள வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரில் மலை ஏறாதீர்கள். நம் ஊர் வெயில் ரப்பரைச் சீக்கிரம் இறுக்கிவிடும். சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் போதும், மழைக்கு 3 மி.மீ. இருக்கட்டும்.

மஞ்சுவிரட்டுக் காளையை டிரெய்லரில் வைத்து எஸ்.யூ.வி.யில் இழுத்துப் போகலாமா?

சிராவயல் வரைதானே என்று கேட்பார்கள். முடியும் என்பதும் செய்யலாம் என்பதும் வேறு. காளை 300, 400 கிலோ, இரும்புப் பெட்டி டிரெய்லர் இன்னொரு 400. ஆக 800 கிலோ. நல்ல டீசல் எஸ்.யூ.வி. இதை எளிதாக இழுக்கும். நிறுத்துவதும் நேராக வைப்பதும்தான் கஷ்டம். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று வைத்திருப்பது சும்மா இல்லை. காளை உயிருள்ள சுமை. கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் பாரம் இடம் மாறும்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே வரையறுக்கிறது. பட்டறையில் அடித்த பெட்டியைப் பதிவு இல்லாமல் மாட்டி ஓட்டுவது குற்றம், விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும். கொக்கியை வண்டியில் பொருத்துமுன் உற்பத்தியாளரின் கையேட்டில் இந்திய மாடலுக்கு இழுவை எடை கொடுத்திருக்கிறதா பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஃபார்ச்சூனர் 3 டன்னுக்கு மேல் இழுக்கும் என்பது அங்கே விற்கும் வண்டிக்கான கணக்கு. கொக்கியை பம்பரில் அல்ல, சேஸிஸில் போல்ட் போட வேண்டும்.

முறைப்படி இழுப்பவர்களுக்கு: டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 800 கிலோவுக்கு 80 கிலோ. அது வண்டியின் சுமைக் கணக்கிலும் சேரும். பாரம் டிரெய்லரின் பின்பக்கம் கூடினால் வால் ஆடத் தொடங்கும். ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக விழட்டும். பிறகு நிறுத்திப் பாரத்தை முன்னால் நகர்த்துங்கள்.

வருஷத்துக்கு ஐந்தாறு நடைக்கு இத்தனை பாடு எதற்கு? ஒரு குட்டி யானையை (டாடா ஏஸ்) வாடகைக்குப் பிடியுங்கள். டிரெய்லருக்காக மட்டும் பெரிய எஸ்.யூ.வி. வாங்குவது நம் ஊரில் பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

நடுவழியில் நின்ற காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

மேனுவல் கியர் காரை, பக்கத்து ஊர் மெக்கானிக் வரை, சமவெளியில் இழுக்கலாம். கயிற்று இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் 20 கிலோமீட்டர், பின்வண்டிச் சாவி ஆன் நிலையில். இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் மிதி கல் மாதிரி இருக்கும் என்பதைப் பின்னால் உட்காருபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், மின்வண்டி மூன்றையும் தட்டு லாரியில்தான் ஏற்ற வேண்டும். மலை இறக்கத்தில் எதையும் கயிற்றில் இழுக்கக் கூடாது.

பழைய வீட்டு வாசலில் பெரிய வண்டி நுழையுமா?

டேப்பை எடுத்து அளந்துவிட்டுப் போங்கள். அகலம்: ஜிம்னி 1,645 மி.மீ., கிரெட்டா 1,790, கிரிஸ்டா 1,830, ஃபார்ச்சூனர் 1,855, ஸ்கார்பியோ என் 1,917, சஃபாரி 1,922. இவை கண்ணாடி சேராத அளவு. கதவு திறக்க ஒரு பக்கமாவது 60 செ.மீ. வேண்டும். அம்பாசடருக்குக் கட்டிய கொட்டகைகளில் நீளம்தான் முதலில் இடிக்கும். ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ.

அப்படியானால் எந்த மாடல்?

ஐந்து பேர், தார்ச்சாலை மலை, இழுவை இல்லை: கிரெட்டா அல்லது செல்டோஸ் 1.5 டீசல், டார்க் கன்வர்ட்டரோடு. 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை தாராளமாகப் போதும். ஏழு பேர், வருஷம் முழுக்க நெடுந்தூரம்: இன்னோவா கிரிஸ்டா. எஸ்.யூ.வி. இல்லைதான், ஆனால் நடு வரிசைச் சொகுசில் அதன் விலைக்கு எஸ்.யூ.வி.க்கள் பதில் சொல்வது கடினம். எஸ்டேட் மண்பாதை உண்டு என்றால் ஸ்கார்பியோ என் 4×4. ஆட்டோமேட்டிக் டீசல் 175 பி.எஸ்., 400 நியூட்டன் மீட்டர். உயரமான வண்டி, வளைவில் சாயும். வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால் எக்ஸ்.யூ.வி.700, சஃபாரி. ஃபார்ச்சூனரின் 500 நியூட்டன் மீட்டர் இழுவைக்குச் சுகம். காலியாக ஓடும்போது பின்சீட்டில் குதிக்கும். ஜிம்னி நான்கு பேருக்கு மட்டும், கொல்லிமலை மாதிரி குறுகிய பாதையில் விளையாட்டுப்பிள்ளை. டர்போ இல்லாத பெட்ரோல் என்பதை மறக்க வேண்டாம்.

மின்வண்டி?

2 டன் வண்டியை 1,800 மீட்டர் தூக்கவே சுமார் 10 யூனிட் தனியாகப் போகும். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு தப்பைச் செய்யாதீர்கள்: மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்குவது. பேட்டரி நிறைந்திருந்தால், மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் மின்பிரேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்குக்கு வரும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

காசிக்குக் காரிலேயே போக என்ன தயார் செய்ய வேண்டும்?

1863 முதல் இருக்கும் நகரத்தார் சத்திரத்தில் தங்க இடம் உறுதி செய்துவிட்டு வண்டிக்கு வாருங்கள். ஒருவழியே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் செய்து 300, 400 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இறுக்காத போல்ட்டும் ஒழுகும் ஹோஸும் ஊரிலேயே தெரிந்துவிடும். மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். ஸ்டெப்னி முழு அளவா, சிறியதா பாருங்கள். சிறியது என்றால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. டீசலில் யூரியாக் கரைசல் தொட்டி இருந்தால் நிரப்பி, 10 லிட்டர் கேன் ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் எஞ்சினை நிறுத்தியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் விடியற்காலைப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். நாளுக்கு 500 கிலோமீட்டர் போதும்.

அனுமதி, நேரக் கட்டுப்பாடு?

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. கிளம்பும் முன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையிலும் கர்நாடகத்தின் பந்திப்பூரிலும் இரவு 9 முதல் காலை 6 வரை கார் போக முடியாது. குறுகிய பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை.

நம் ஊரில் மலையே இல்லையே, டெஸ்ட் டிரைவ் எங்கே செய்வது?

ரயில்வே மேம்பாலம் போதும், நெரிசல் இல்லாத நேரமாகப் பாருங்கள். விற்பனையாளரும் நீங்களும் மட்டும் போகாமல் வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இல்லாமல் கிளம்புங்கள். எவ்வளவு பின்னால் உருள்கிறது என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, எஞ்சின் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு வெறிச்சோடிய தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரே மூச்சில் திரும்ப முடிகிறதா பாருங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு அதே மாடலை எடுத்துத் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய் வாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவு. கடைசி வரிசையில் உட்கார்ந்தவரிடம் முதலில் கேளுங்கள்.